அவங்களுக்கு எரிமலை... நமக்கு ஆத்துச் சேறு!

சிதம்பரத்துல படிக்கிறவங்களா நீங்க? அப்படின்னா செமஸ்டர் முடிஞ்ச மறுநாள் பிச்சாவரத்துல போட் ஏறாம இருந்திருக்க மாட்டீங்க. சுரபுன்னைக் காட்டுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு போயிருப்பீங்க, 'இதயக்கனி'யில எம்.ஜி.ஆர். வந்த இடம் இதுதான்னு போட்டுக்காரர் கை காட்டியிருப்பார், நாலு போட்டோ எடுத்திருப்பீங்க.

அடுத்த தடவை ஒரு வேலை பண்ணுங்க. போட்டுக்காரர் துடுப்பை அடியில ஊன்றித் தள்ளும்போது அதோட நுனியைக் கவனியுங்க. கறுப்பா, வழவழன்னு சேறு ஒட்டிக்கிட்டு வரும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். ரெண்டும் எங்கெங்கிருந்தோ அள்ளிக்கிட்டு வந்து இங்கே கொட்டின மண் அது. காடே அந்தச் சேத்து மேலதான் நிக்குது. நம்ம கதையோட ஹீரோ அந்தச் சேறுதான். சில இடத்துல வில்லனும் அதுதான்!

ஊரை மண் மூடுறதுன்னு சொன்னதும் உலகத்துல எல்லாருக்கும் ஞாபகம் வர்ற பேர் ஒண்ணுதான்: இத்தாலியில் இருக்கும் பாம்பெய். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தது. நுரைக்கல்லும் சாம்பலுமாக நாலு முதல் ஆறு மீட்டர் உயரத்துக்குக் கொட்டி, ஊரே காணாமல் போனது. பதினோரு பன்னிரண்டாயிரம் பேர் இருந்திருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். 1748-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஊர் மண்ணுக்குள்தான் கிடக்கிறது. அவசரப்பட்டுத் தோண்டாமல் அடுத்த தலைமுறைக்கு விட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த வெடிப்பைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தது யார் தெரியுமா? பதினேழு வயசுப் பையன், அதாவது ப்ளஸ் டூ வயசு. பேர் பிளினி. இவனுடைய மாமா பேரும் பிளினிதான். அவர் கடற்படைத் தளபதி. கூடவே, கண்ணில் பட்டதையெல்லாம் குறிப்பெடுக்கும் அறிஞர். மலைக்கு மேல் குடை விரித்த மரம் மாதிரி மேகம் எழுந்ததும், 'கப்பல் எடுக்கிறேன், வர்றியா?' என்று மருமகனைக் கேட்டிருக்கிறார். 'இல்ல மாமா, நீங்க கொடுத்த பாடம் எழுத வேண்டியிருக்கு' என்று பையன் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். மாமா போனார், திரும்பவில்லை. அசைன்மென்ட் ஒரு உயிரைக் காப்பாற்றியதாக வரலாற்றில் பதிவானது அநேகமாக இது ஒண்ணுதான்!

அந்த மாமாவை ஞாபகம் வெச்சுக்கோங்க. 'இந்தியாவோடு வியாபாரம் பண்றதுல வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நம்ம காசு போகுது' என்று புலம்பி எழுதியவர் அவர்தான். ஒரு ராத்தல் கறுப்பு மிளகு 4 தினாரி என்று விலை முதற்கொண்டு குறித்து வைத்திருக்கிறார். நம்ம பக்கத்துச் சரக்கைப் பற்றி மூக்கால் அழுதவர், எரிமலைப் பக்கம் போய் உயிரை விட்டார்.

சரி, பாம்பெய்க்குள்ளே என்ன கிடைத்தது? சக்கரவர்த்தியின் கிரீடம் எல்லாம் இல்லை, சாதாரண ஜனங்களின் சாதாரண நாள் கிடைத்தது. அதுதான் அதன் பெருமை. 1862-ல் ஒரு பேக்கரியின் அடுப்பைத் திறந்தால் 81 ரொட்டி, கரியாகி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. காலையில் அடுப்பில் வைத்தவர் எடுக்க வரவில்லை. 2020-ல் ஒரு சாப்பாட்டுக் கடையை முழுசாகத் தோண்டி முடித்தார்கள். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் கடை மாதிரியே தெருவைப் பார்த்த கவுன்ட்டர், அதில் குழி குழியாகப் பதித்த ஜாடிகள். முன்பக்கச் சுவரில் வாத்தும் சேவலும் வரைந்திருந்தது. அடியில் ஒட்டியிருந்ததைச் சோதித்தால் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை! சுவர்களில் கிறுக்கல்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேலே. எலெக்ஷன் விளம்பரம், காதல் புலம்பல், கடைக்காரனைத் திட்டினது... உங்க கிளாஸ் பெஞ்ச் தோற்றுவிடும்.

மனசைப் பிசையும் விஷயமும் உண்டு. சாம்பலுக்குள் செத்துப் போனவர்களின் உடம்பு மக்கி, அந்த இடம் வெறும் பொந்தாக நின்றது. 1863-ல் ஃபியோரெல்லி என்பவர் அந்தப் பொந்துகளில் சுண்ணச்சாந்தை ஊற்றினார். விழுந்த கோலத்தில் மனிதர்கள் வந்தார்கள், துணியின் மடிப்பு உட்பட. அதில் குழந்தையோடு இருந்த ஒருவரை 'தாயும் பிள்ளையும்' என்று ரொம்ப காலம் சொல்லி வந்தார்கள். 2024-ல் டி.என்.ஏ. சோதனை வந்தது. அந்த 'அம்மா' ஓர் ஆண், குழந்தைக்கு ரத்த சம்பந்தமே இல்லாதவர். யாரோ ஒருத்தர் யாருடைய குழந்தையையோ அந்த நேரத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால், பழைய கதையைவிட இதுதான் பெரிய கதை.

'அதெல்லாம் இருக்கட்டும் பாஸ், பிச்சாவரத்துக்கும் பாம்பெய்க்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? வாங்க, கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு. பாண்டி பஸ் ஏறி, பாண்டிக்கு முன்னாடியே அரியாங்குப்பத்தில் இறங்கினால், ஆற்றங்கரையில் ஒரு மேடு. அதுதான் அரிக்கமேடு.

1930-களில் பாண்டியில் இருந்த ஜுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர், மேட்டில் விளையாடும் ஊர்ப் பசங்களிடம் கல்லும் மணியும் வாங்கிச் சேர்த்தார். அப்படிச் சேர்ந்ததில் ஒரு கல்லில் ஒரு முகம் செதுக்கியிருந்தது. 'இது ரோம் சக்கரவர்த்தி அகஸ்டஸ்!' என்றார். பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1944-ல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை மியூசியத்தின் அலமாரியில் ஒரு ஜாடிக் கழுத்து உடைந்து கிடப்பதைப் பார்த்தார். பிடித்துத் தூக்கி ஒயின் ஊற்ற இரண்டு காது வைத்த ஆம்போரா ஜாடி. எங்கே கிடைத்தது என்று கேட்டால், பாண்டிச்சேரிப் பக்கம் என்றார்கள். 1945-ல் அரிக்கமேட்டில் குழி விழுந்தது.

வீலர் தேடியது தங்கத்தை இல்லை, தேதியை! தென்னிந்தியாவில் பழைய பானைகள் ஏராளமாகக் கிடைத்தன. எது எந்த நூற்றாண்டு என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அரிக்கமேட்டு மண்ணில் பளபளப்பான சிவப்புத் தட்டு ஓடுகள் வந்தன. இத்தாலியின் அரெட்சோ பக்கம் செய்த சாமான். செய்த பட்டறையின் முத்திரை சில ஓடுகளில் அப்படியே இருந்தது. அந்த வகைத் தட்டு எப்போது புழக்கத்தில் இருந்தது என்பது ஐரோப்பாவில் தெரியும்: கி.பி. முதல் நூற்றாண்டின் முன்பாதியை ஒட்டிய காலம். அப்படியானால் அதே மண்ணடுக்கில், அதோடு ஒட்டிக் கிடந்த நம்ம ஊர்ப் பானைக்கும் அதே வயசு! யாரோ ஒரு வியாபாரி சாப்பிட்டுவிட்டு உடைத்துப் போட்ட தட்டு, தமிழ்நாட்டுப் பானைகளுக்கு ஜாதகம் எழுதிக் கொடுத்துவிட்டது.

வீலர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லவில்லை என்பதையும் சொல்லணும். ரோமாபுரிக்காரர்கள் வந்துதான் ஊரே உருவான மாதிரி ஒரு தொனி அவர் எழுத்தில் உண்டு. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்டியபோது, ரோம் சரக்கு வரும் முன்பே அங்கே ஊர் இருந்தது என்பது தெளிவானது. உள்பக்கம் புள்ளி வரிசையாக உருட்டிய தட்டுகளையும் அந்தக் காலத்தில் ரோமானியச் சரக்கு என்றார்கள். சோதித்துப் பார்த்தால் அது இந்தியக் களிமண். நாம் விருந்தாளியின் ஊரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரை மறந்துவிட்டிருக்கிறோம்.

இனிமேல் வருவதுதான் க்ளைமாக்ஸ். இந்தியாவுக்கு வந்த ஒயின் ஜாடி ஓடுகளைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சிலவற்றின் களிமண்ணில் பொடிப் பொடியாகக் கறுப்பு மணல். எரிமலை மணல்! நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதி, அதாவது வெசுவியஸின் அடிவாரம். பாம்பெய்க்காரர்களின் அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஒயின், அங்கத்திய மண்ணில் செய்த ஜாடியில் அடைபட்டு, செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வந்திருக்கிறது. அரிக்கமேட்டிலும் அந்தச் சரக்கு உண்டு. எரிமலை வெடித்த பிறகு இந்த ஜாடி வியாபாரம் என்ன ஆனது என்று 2004-ல் ஓர் ஆய்வாளர் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இங்கிருந்து அங்கே போனதும் உண்டு. பாம்பெயில் ஒரு வீட்டில் 1938-ல் இந்திய யானைத் தந்தப் பொம்மை ஒன்று கிடைத்தது. நகையெல்லாம் போட்ட பெண் உருவம், ஒண்ணேகால் சாண் உயரம். முதலில் லட்சுமி என்றார்கள், இப்போது யட்சி என்கிறார்கள். மகாராஷ்டிரப் பக்கத்தில் இதே ஜாடையில் பொம்மைகள் கிடைத்திருப்பதால், செய்த இடம் அந்தப் பக்கமாக இருக்கலாம். இப்போது நேப்பிள்ஸ் மியூசியத்தில் நிற்கிறாள்.

நம்ம தெருவுக்கு வருவோம்...

அரிக்கமேட்டோடு முடிந்துவிடவில்லை. கடலூர் சிப்காட் பக்கம் காரைக்காடு, குடிகாடு என்று பெயர் கேட்டிருப்பீர்கள், கெமிக்கல் வாசனைக்காகவாவது! அங்கேயும் அதே புள்ளி உருட்டிய தட்டுகள், அதே கண்ணாடி மணிகள். 2024-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்த இடங்களில் ஒன்று கடலூர் மாவட்டத்து மருங்கூர். 2025-க்கு அறிவித்த எட்டு இடங்களில் ஒன்று மணிக்கொல்லை. பிச்சாவரம் இருக்கும் அதே பரங்கிப்பேட்டை வட்டாரம். பேரிலேயே விஷயம் இருக்கு, கவனிச்சீங்களா? மணி... கொல்லை!

இந்த மணி விஷயம் சும்மா இல்லை. கடுகளவு, மிளகளவு, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ஊசி நூல் நுழையும் ஓட்டை. இதை ஒவ்வொன்றாக உருட்டி ஓட்டை போட்டிருந்தால் ஒரு ஆளுக்கு ஒரு மாலைக்கே ஆயுசு போயிருக்கும். அவர்கள் செய்த டெக்னிக்கே வேறு. உலையில் கண்ணாடியைப் பாகு பதத்துக்கு உருக்கணும். இரும்புக் கம்பியில் சுற்றி எடுத்து, நடுவில் ஓட்டை விழும்படி செய்து, அதிலிருந்து நூல் மாதிரி நீளமாக இழுக்கணும். இழுக்க இழுக்க உள் ஓட்டையும் கூடவே நீளும். பேனா ரீஃபில் மாதிரி குழாய் கிடைக்கும். அதைப் பொடிப் பொடியாக நறுக்கினால் மணி ரெடி. ஆனால் விளிம்பு கையை அறுக்கும். அதனால் சாம்பலோடு சேர்த்து மறுபடி சட்டியில் சூடு பண்ணுவார்கள். விளிம்பு உருகி வழவழப்பாகும், சாம்பல் ஓட்டைக்குள் புகுந்து அது மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு இழுவையில் ஆயிரக்கணக்கில்! பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டைக்குப் போனபோது, அங்கே இதே முறையில் மணி இழுத்துக்கொண்டிருந்தார்கள். தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா வரைக்கும் இந்த வகை மணி போயிருக்கிறது.

ரோமானிய ஜாடி கிடைத்தால் பேப்பரில் முதல் பக்கம். இந்த மணி கிடைத்தால் உள்பக்கம் நாலு வரி. எனக்கு அதில் கோபம் உண்டு. ஜாடி, குடிச்சவன் கதை. மணி, உலை முன்னால் உட்கார்ந்து வெந்தவங்க கதை.

இன்னொரு சமாச்சாரம். அரிக்கமேடு, கீழடி, மருங்கூர் எல்லாம் பானை ஓட்டில் தமிழி எழுத்தில் கீறல்கள். பெரும்பாலும் ஆள் பேர். கீழடியில் 'ஆதன்' என்றிருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற துறைமுகத்தில் கிடைத்த ஓடுகளில் கூட 'கணன்', 'சாதன்' என்று தமிழ்ப் பேர்! எதற்குப் பானையில் பேர் எழுதணும்? உங்க வீட்டு எவர்சில்வர் டம்ளரைத் திருப்பிப் பாருங்க. அம்மா பேர் வெட்டியிருக்கும். ஹாஸ்டல் பக்கெட்டில் நீங்களே பெயின்ட்டில் எழுதியிருப்பீங்க. காரணம் அதேதான்: 'இது என்னோடது, சுட்டுடாதே!'

அப்புறம் ஏன் நமக்கு ஒரு பாம்பெய் இல்லை?

பூம்புகார், கீழடி என்று எதைப் பற்றி எழுதினாலும் 'தமிழ்நாட்டின் பாம்பெய்' என்று தலைப்பு வைப்பதை நிறுத்தணும் என்பது என் கட்சி. பாம்பெய் ஒரே நாளில் செத்த ஊர். அடுப்பில் ரொட்டி இருக்கும்போதே கடிகாரம் நின்றுவிட்டது. நம்ம கரையோர ஊர்கள் அப்படி இல்லை. ஆறு கொஞ்சம் தள்ளிப் போகும், முகத்துவாரம் தூர்ந்துபோகும், கப்பல் வராது. ஜனங்கள் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு நிதானமாகக் கிளம்புவார்கள். பூம்புகாரில் கீழையூரில் 1960-களில் படகுத்துறை மாதிரி ஒரு செங்கல் கட்டடம் தோண்டி எடுத்தார்கள். படகு கட்டும் மரத்தூண்கூட இருந்தது. கடலோரத்தில், அலை புரளும் இடத்தில் உறைகிணறுகளைப் பார்த்திருக்கிறார்கள். கடலில் யாரும் கிணறு வெட்டமாட்டார்கள். அது அன்றைக்குத் தரை. கடல் நிலத்தை அரித்துத் தின்றிருக்கிறது. பிச்சாவரத்தில் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே கரை, இங்கே எடுத்துக்கொள்கிறது.

மிச்சம் இருப்பதை மனுஷன் எடுத்துக்கொள்வான். பெரிய பழங்காலச் செங்கல் சும்மா கிடந்தால் யார் விடுவார்கள்? அரிக்கமேட்டில் வீலர் தோண்டியபோது பல இடத்தில் சுவரே இல்லை. சுவர் இருந்த பள்ளம்தான் இருந்தது. அடியோடு பேர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆக, நமக்கு மிஞ்சியது என்ன? போகும்போது யாரும் எடுத்துப் போக விரும்பாதது, பின்னால் வந்தவனுக்கும் உபயோகப்படாதது. ஓட்டாஞ்சில்லு. உடைஞ்ச மணி. கீழே விழுந்த தாயக்கட்டை. பாண்டி ஆடத் தேய்த்த வட்டச்சில்லு. அவ்வளவுதான் நம்ம பாம்பெய். அதுவும் கிடந்த இடத்தில் கிடந்தால்தான். வீலர் கண்டுபிடித்த ரகசியமே அதுதானே? எதோடு எது, எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் தேதி இருக்கிறது. ஒரு மணியை எடுத்து நீங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால், மணி இருக்கும், தேதி போச்சு. பாம்பெயில் எதை எடுத்தாலும் அது கி.பி. 79-ல் மூடின மண்ணுக்குள் கிடந்தது என்பது நிச்சயம். நமக்கு அந்த வசதி கிடையாது.

அந்த அடுக்கைத்தான் இப்போது ஜே.சி.பி. ஒரே அள்ளில் எடுத்துவிடுகிறது. சவுடு மண், இறால் குட்டை, மனை போடுவது, செங்கல் சூளை. கடலோர கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உலகத்தில் எந்தத் தொல்லியல் துறையும் ஒவ்வொரு குட்டை வெட்டும்போதும் வந்து நிற்க முடியாது. முதலில் பார்க்கிறவர் நீங்களாகத்தான் இருப்பீங்க. ஊருக்குப் போன லீவில், வெட்டின பள்ளத்தின் ஓரச் சுவரில் வரிசையாக ஓடுகள் துருத்திக்கொண்டிருக்கும். வட்ட வட்டமாகச் சுட்ட மண் வளையம் அடுக்கியிருந்தால் உறைகிணறு. பெரிய வாய் தெரிந்தால் ஈமத்தாழியாக இருக்கலாம்.

அப்போ என்ன பண்ணணும்? செல்லை எடுங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து, அளவு தெரிகிற மாதிரி ரெண்டு படம். தூரத்திலிருந்து இடம் தெரிகிற மாதிரி ஒரு படம். லொகேஷன், தேதி, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று ஒரு குறிப்பு. வி.ஏ.ஓ. அல்லது தாசில்தார் ஆபீஸில் தகவல் சொல்லுங்க. கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சொல்லலாம். 1878-லேயே வந்த புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். ஆமாம், பத்து ரூபாய்தான். சட்டத்தில் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது!

அதுக்கு முன்னாடி கண்ணைப் பழக்கிக்கணும்னா, பாண்டி மியூசியத்தில் அரிக்கமேட்டுச் சாமான்கள் இருக்கு. ஜாடி ஓட்டையும் மணியையும் நிதானமா பார்த்துட்டு, திரும்பி வரும்போது அரியாங்குப்பத்தில் இறங்கி மேட்டுக்கு நடந்து போங்க. மழை பெய்த மறுநாள்னா ரொம்ப விசேஷம், கழுவின மண்ணில் ஓட்டாஞ்சில்லு பளிச்சுன்னு தெரியும். கையை மட்டும் பாக்கெட்டுக்குள்ளேயே வெச்சுக்கோங்க!